நத்தத்துக் குழாய் அரபிக்கடலில்

வத்தலக்குண்டிலிருந்து திண்டுக்கல் வழியாக நத்தம் வரை ஒரு குடிநீர்க் குழாய்ப் பாதை. சர்வே புள்ளிகள் எல்லாம் போஸ்ட்ஜிஐஎஸ் என்ற வரைபட டேட்டாபேஸில்; அங்கிருந்து சிவில் 3டி என்ற வரைவு மென்பொருளுக்குள் இழுத்து டிசைன். ஒரு நாள் காலை நீளம் எடுத்தால் சுமார் 700 கிலோமீட்டர்! முழுப் படமும் திரையில் தெரிய ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தேன். திரையின் இரண்டு ஓரத்திலும் தூசி மாதிரி ஒரு கீற்று, நடுவே நெட்டுக்கு ஒரு கோடு.

காரணம் 78 டிகிரி தீர்க்கரேகை. உலகத்தை 6 டிகிரிப் பட்டைகளாகப் பிரித்து மீட்டரில் இடம் சொல்லும் யூடிஎம் முறையில் 43-ஆம் மண்டலம் அங்கே முடிந்து 44 தொடங்குகிறது. திண்டுக்கல் ஊருக்குச் சற்றுக் கிழக்கே. இந்தப் பக்கம் ஈஸ்டிங் (கிழக்கு நோக்கிய மீட்டர் எண்) சுமார் 8,28,000. ஓரடி தாண்டினால் 1,71,000. கிழக்கே அளந்த குழு 44-இல் கொடுத்திருக்கிறது. டேபிள் 43-க்கானது என்பதால் டேட்டாபேஸ் ஒழுங்காகத்தான் மறுத்திருக்கிறது. நம்ம தம்பி, எரர் போனால் போதும் என்று எஸ்டி_செட்எஸ்ஆர்ஐடி என்ற கட்டளை போட்டு உள்ளே தள்ளிவிட்டார். அது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், எண்ணைத் தொடாது. கணக்குப் போட்டு மாற்றுவது எஸ்டி_டிரான்ஸ்ஃபார்ம். நத்தம் லட்சத்தீவுப் பக்கம் கடலில் விழுந்தது இப்படித்தான்.

சரி, திருத்தியாச்சு என்று பார்த்தால் இன்னொன்று. மண்டலத்தின் விளிம்பில் வரைபட நீளம் கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் கூடுதலாக வரும். 650 கிலோமீட்டர் தப்பு யார் கண்ணிலும் படும். இதைக் குழாய் பில் சரிபார்க்கும்போதுதான் கண்டோம். கடைசியில் 78 டிகிரியையே நடுக்கோடாக வைத்து இந்த வேலைக்கென்று, பூமியின் வளைவைத் தட்டையாக்கும் தனி புரொஜெக்‌ஷன் அமைத்தோம்.

மறுமொழி 1

அண்ணே, எங்களுக்கு உயரத்தில்தான் அடி விழுந்தது. ஜிபிஎஸ் தந்த உயரத்தை அப்படியே டேபிளில் ஏற்றிவிட்டோம். அது எலிப்சாய்டு உயரம், அதாவது பூமியின் கணித வடிவத்திலிருந்து அளப்பது. நம்ம பக்கம் கடல்மட்டக் கணக்கைவிடச் சுமார் 90 மீட்டர் குறைவாக இருக்கும். பழைய தொட்டியின் உயரம் மட்டும் கடல்மட்ட உயரம் குறித்த பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து எடுத்தது. டிசைனில் தொட்டி வானத்தில் நின்றது. பம்ப் விலை கேட்கப் போன இடத்தில் சிரித்தே விட்டார்கள்.

மறுமொழி 2

ஷேப்ஃபைல் என்ற வரைபடக் கோப்பு வகையை யாரும் சொல்லவில்லையே! அதில் ஃபீல்டு (அட்டவணைப் பத்தி) பெயர் 10 எழுத்துக்கு மேல் போகாது. உள்விட்டம், வெளிவிட்டம் இரண்டுக்கும் நாங்கள் வைத்திருந்த ஃபீல்டு பெயர்களில் முதல் பத்து எழுத்து ஒன்றே. ஒன்றின் வால் வெட்டுப்பட, மற்றதன் வாலில் 1 ஒட்டிக்கொண்டு வந்தது. எது உள், எது வெளி என்று களக்குறிப்பு நோட்டைத் தேடி எடுத்துத்தான் தெரிந்தது. இப்போது ஜியோபேக்கேஜ் என்ற இன்னொரு கோப்பு வகை தவிர வேறு வாங்குவதில்லை.