பார்னக்கிளுக்குத் தமிழ்ச்சொல்: ‘ஒட்டுச்சிப்பி’ வேண்டாம்

அன்புள்ள நண்பர்களுக்கு,

பாறையிலும் படகின் அடியிலும் ஒட்டி வாழும் சிறு கடலுயிரான பார்னக்கிளுக்கு (barnacle) ‘ஒட்டுச்சிப்பி’ என்று வைத்துக்கொள்ளலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. கேட்டதும் விளங்கும் சொல்தான். பாம்பனில் கரையேற்றிய வள்ளத்தின் அடியைச் சுரண்டிக்கொண்டிருந்த பெரியவரும் அதைச் ‘சிப்பி’ என்றே என்னிடம் சொன்னார். சுரண்டுபவருக்கு அது போதும். கலைச்சொல்லுக்குப் போதாது, ஏனெனில் அவ்வுயிர் சிப்பி, நத்தை போன்ற மெல்லுடலி அன்று, நண்டுக்கும் இறாலுக்கும் உறவான கணுக்காலி. ஓட்டை மட்டும் பார்த்து அறிவியலாரும் அதை மெல்லுடலிகளோடு சேர்த்திருந்தனர். 1830-இல் இயற்கையியலாளர் ஜான் வாகன் தாம்சன் அதன் இளம்பருவத்தை விளக்கி வெளியிட்ட பிறகே அப்பிழை நீங்கத் தொடங்கியது. அவர்கள் கைவிட்டதை நாம் பெயராகச் சூட்டுவானேன்?

ஐயமுள்ளோர் மண்டபம் கரையில் நீர் வடிந்த வேளையில் அவை படிந்த சிறு கல் ஒன்றைக் கடல்நீருள்ள கிண்ணத்தில் இட்டுப் பார்க்கலாம். (மன்னார் வளைகுடாத் தீவுகளில் கை வைக்க வேண்டாம், அவை 1986 முதல் தேசியப் பூங்கா.) சற்றுப் பொறுத்தால், கூம்பின் வாயிலுள்ள நான்கு தகடுகளாலான கதவு திறந்து, ஆறு இணைக் கால்கள் மயிரடர்ந்த விசிறிபோல வெளிவந்து, நீரை வாரி உள்ளிழுக்கும். தலைப்பக்கத்தைக் கல்லில் ஒட்டிக்கொண்டு காலால் இரை வாரும் இவ்வுயிரைச் சிப்பி என்று எழுத எனக்குக் கை வரவில்லை.

பார்னக்கிளுக்குக் ‘கொட்டலசு’ என்ற சொல் எழுத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அதன் பொருள் உடனே விளங்கவில்லை என்பது இங்கு எழுந்த ஆட்சேபம். ‘நண்டு’ மட்டும் எதை விளக்குகிறது? விளக்காத சொல், தவறாக விளக்கும் சொல்லைவிட மேல். காம்புள்ள வகையைக் காம்புக் கொட்டலசு என்றும், பாறையோடு படிந்ததைக் கூம்புக் கொட்டலசு என்றும் எளிதில் பிரிக்கலாம்.

புதிதாக ஆக்க வேண்டியது அதன் குடம்பிப் (முதிராத இளம்) பருவங்களில் கடைசியான சைப்ரிட்டுக்கான சொல்லே. நாப்ளியஸ் எனப்படும், நீந்தித் திரியும் முந்தைய குடம்பிப் பருவங்கள் ஆறும் கடந்தபின் வரும் இது, எதையும் உண்பதில்லை. சேமித்த கொழுப்பைக் கொண்டே பாறையில் உணர்கொம்புகளால் ‘நடந்து’ ஆராய்ந்து, தன்னினம் குடியேறிய இடத்தை நாடி, அங்கே பசை சுரந்து நிலைத்துவிடுகிறது. ஏனெனில், கொட்டலசுகளில் பெரும்பாலானவை இருபாலுயிரிகளாயினும் அண்டை அயலோடு இணைசேர வேண்டியவை. ஒட்டிய பிறகு நகரவும் இயலாது. ஆதலால் ‘ஒட்டுக்குடம்பி’ என்பதைவிட ‘இடந்தேடிக் குடம்பி’ என்பதையே நான் முன்மொழிகிறேன். ஒட்டுவது அதன் கடைசிச் செயல், தேடுவதே அதன் வேலை. நாப்ளியஸ் பல ஓட்டுடலிகளுக்கும் பொது என்பதால், அதை இப்போதைக்கு அப்படியே விட்டுவிடலாம்.