தம்பிக்குத் தெரபி தொடங்கணும், செலவுக்கு வழி சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் தாம்பரத்தில் இருக்கிறோம். அப்பா போனதிலிருந்து தம்பிக்குச் சரியான தூக்கமில்லை, வேலைக்குப் போய்வந்தால் அறைக்குள்ளேயே இருக்கிறான். "யார்கிட்டயாவது மனசு விட்டுப் பேசணும்க்கா" என்று போன வாரம் அவனே சொன்னான். வாய் திறந்து கேட்டுவிட்டான், இதைத் தள்ளிப்போட எனக்கு மனமில்லை.

அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416 இலவசம் என்று அறிந்து பேச வைத்தேன். கொஞ்சம் தெம்பு வந்தது. ஆனால் வாராவாரம் ஒரே ஆளிடம் நேரில் பேச விரும்புகிறான். விசாரித்த தனியார் சைக்காலஜிஸ்ட் ஒரு தடவைக்கு 1,500 ரூபாய் கேட்கிறார். மாதம் 6,000, எங்களால் முடியாது.

அவன் ஆபீஸ் இன்சூரன்ஸில் கேட்டால், ஆஸ்பத்திரியில் சேர்ந்தால்தான் பணமாம். உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று 2017 மனநலச் சட்டம் சொல்கிறதே! அப்புறம்தான் புரிந்தது, ஆஸ்பத்திரியில் சேராமல் பார்க்கும் வெளிநோயாளிச் செலவும் பாலிசியில் சேர்ந்திருந்தால்தான் தெரபிக்குப் பணம் கிடைக்கும்.

அப்படி கிளெய்ம் வாங்கியவர்கள் இருக்கிறீர்களா? மனநல மருத்துவரின் சீட்டு கேட்டார்களா? கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையில் மாத்திரையோடு தொடர்ந்து கவுன்சிலிங்கும் கிடைக்கிறதா? வருமானத்துக்கு ஏற்பக் கட்டணம் வாங்குபவர்கள் தாம்பரம் பக்கம் இருந்தாலும் தயவுசெய்து சொல்லுங்கள். சனிக்கிழமை அவனுக்கு லீவு, அன்றே கூட்டிப்போக நினைக்கிறேன்.