ரவுட்டர் கொதிக்குது, கிராஃப் தூங்குது: உங்களுக்கும் ஆகியிருக்கா?

தங்கச்சிமடம்_கேபிள்:
கச்சான் காற்று அடங்கிப் புழுங்கிய ஒரு மத்தியானம். ரவுட்டர் கடற்கரைத் தகரக் கொட்டகைக்குள். எம்ஆர்டிஜியில் (ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ரவுட்டரின் எண்களை வாங்கி கிராஃப் வரையும் மென்பொருள்) சூட்டு கிராஃப் போட்டு மூன்று வாரம், பூஜ்யத்தில் ஒரே கோடு. முதலாளி அண்ணன், "நேர்கோடா போகுதுல்ல தம்பி, நல்லதுதானே?" என்றார். நானும் தலையாட்டினேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது. பூஜ்யம் டிகிரி இந்த ஊரில் ஐஸ் பிளான்ட்டுக்குள்தான் உண்டு! அன்று லிங்க் விட்டுவிட்டு வர, போய்ப் பெட்டி மேல் கை வைத்தேன். தோசைக்கல். கையை உதறிக்கொண்டே செல்போனைப் பார்த்தால், அதே பூஜ்யம்.

எம்ஆர்டிஜி அமைப்புக் கோப்பின் ஆப்ஷன்ஸ் வரியில் 'கேஜ்' (வரும் எண்ணை அப்படியே வரை என்று சொல்லும் சொல்) விட்டுப்போயிருந்தது. அது இல்லாவிட்டால் டிராஃபிக் கணக்கு மாதிரி, முந்தின எண்ணைக் கழித்து 300 நொடியால் வகுத்துவிடும். சூடு 58-லேயே நின்றால், 58-இல் 58 போனால் என்ன மிச்சம்?

மண்டபம்_நெட்:
எனக்கு நேர்மாறு. மைக்ரோடிக் கம்பெனி ரவுட்டர். இரவு 2 மணிக்கு அலர்ட்: 412 டிகிரி. லுங்கியோடு பைக்கில் ஓடினேன். பெட்டி வெதுவெதுப்பாக இருந்தது, மேலே ஒரு பல்லி சுகமாகப் படுத்திருந்தது. எஸ்என்எம்பியில் (நெட்வொர்க் வழியே பெட்டியிடம் அளவுகளைக் கேட்டு வாங்கும் முறை) வருவது பத்தில் ஒரு டிகிரிக் கணக்கு. 41.2-தான். வகுக்காதது என் தப்பு. வீட்டில் இன்றும் என் பெயர் '412'.

கீழக்கரை_வாசி:
தங்கச்சிமடம் தம்பி, கேஜ் மேல் மட்டும் பழி போட்டால் எப்படி? ஒரு எஸ்என்எம்பிவாக் கட்டளை அடித்து ரவுட்டரிடமே கேட்டிருந்தால் முதல் நாளே நிஜ எண் தெரிந்திருக்கும்.

எனக்கு மதியம் மட்டும் கோடு அறுந்துபோகும். கனெக்டர் எல்லாம் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் ஆர்ஆர்டி கோப்பில் (கிராஃபுக்கான எண்களைச் சேமிக்கும் கோப்பு) அதிகபட்சம் 60 என்று நானே வைத்திருக்கிறேன். அதைத் தாண்டினால் எண்ணை ஏற்காமல் வெற்றிடமாக விட்டுவிடும். கோடு இல்லாத இடத்தில்தான் சூடு உச்சம்.

எல்லோருக்கும் சொல்கிறேன். மாத கிராஃபை நம்பாதீர்கள், அது சராசரி, பத்து நிமிட உச்சத்தைக் கரைத்துவிடும். உச்ச அளவைத் தனிக்கோடாக வரையுங்கள். ரீபூட் ஆனபின் சென்சார் இண்டெக்ஸ் (எந்த சென்சார் என்று குறிக்கும் எண்) மாறியதா என்று பாருங்கள். இல்லையென்றால் சிபியு என்று நினைத்துக் காற்று நுழையும் இடத்துச் சூட்டைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அப்புறம், கடலோரத்தில் ஜன்னலைத் திறந்து வைக்காதீர்கள். உப்புக்காற்று. எத்தனை தடவை சொல்வது?

தங்கச்சிமடம்_கேபிள்:
அண்ணே, கேட்டது அனுபவம், பாடம் இல்லை. ஆனால் உப்பு விஷயம் சரி. ஃபேனைக் கழற்றினேன், இறக்கை ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. விரலால் தள்ளினால்தான் சுற்றியது. ஜன்னலைத் திறந்தது நான் இல்லை. காற்று வரட்டும் என்று முதலாளி அண்ணன் திறந்தது.