எல்ம், ரீஸ்கிரிப்ட், குளோஜர்ஸ்கிரிப்ட்: பண்ட்லரோடு சேர்த்து ஓட்டிய அனுபவங்கள் (பலர் எழுதியவை)

இங்கே பேசும் மொழிகள் எல்லாம் ஜேஎஸ்ஸாக (ஜாவாஸ்கிரிப்டாக) கம்பைல் ஆகுபவை. பண்ட்லர் என்பது பல கோப்புகளை ஒன்றாகக் கட்டி பிரவுசருக்குத் தரும் கருவி, வெப்பேக், வீட் இரண்டும் அப்படிப்பட்டவை. எல்மில் எழுதிய ஒரு பகுதி, ரியாக்ட் என்ற ஜேஎஸ் நூலகத்தில் ஓடும் பெரிய அப்ளிகேஷன் ஒன்றுக்குள் உட்கார்ந்திருந்தது. வெப்பேக்கில் லோடர் (எல்ம் கோப்பைப் புரியவைக்கும் துணைக்கருவி) போட்டு நன்றாகவே ஓடியது. பண்ட்லரை மாற்றி வீட் கொண்டுவந்த அன்றுதான் தலைவலி ஆரம்பம். எல்ம் கம்பைலரைத் தனியாக ஓட்டினால் வரும் ஜேஎஸ் கோப்பை ஸ்கிரிப்ட் டேக்கில் கொடுத்தால் ஓடுகிறது, அதே கோப்பை இம்போர்ட் செய்தால் 'அன்டிஃபைன்டிலிருந்து எல்ம் என்ற பிராப்பர்ட்டியைப் படிக்க முடியவில்லை' என்று கன்சோல் கத்துகிறது.

விஷயம் இதுதான். எல்ம் 0.19 தன் வெளியீடு முழுவதையும் ஒரே ஃபங்ஷனுக்குள் சுற்றி, அதற்கு மேல்மட்டத்து 'திஸ்'ஸைக் கொடுத்து, அதன்மேல் எல்ம் என்ற ஆப்ஜெக்டை மாட்டிவிடுகிறது. சாதாரண ஸ்கிரிப்டில் திஸ் என்றால் விண்டோ. காமன்ஜேஎஸ் (ரிக்வயர் வைத்துக் கோப்புகளை இணைக்கும் பழைய முறை) மாட்யூலில் அது எக்ஸ்போர்ட்ஸ் ஆப்ஜெக்ட், அதனால்தான் வெப்பேக்கில் யாருக்கும் இது கண்ணில் படவில்லை. இஎஸ் மாட்யூலில் (இம்போர்ட், எக்ஸ்போர்ட் வைத்து இணைக்கும் முறை) திஸ் அன்டிஃபைன்ட், அது மொழியின் விதி, எந்த பண்ட்லரையும் திட்டிப் பயனில்லை. வீட்டுக்கான எல்ம் பிளகின் (அதாவது வீட் பண்ட்லருக்கானது, குடியிருக்கும் வீடு இல்லை!) இந்தச் சுற்றுறையைப் பிரித்து ஒரு எக்ஸ்போர்ட் வரி சேர்க்கிறது. கம்பைலர் எழுதியதை ரெகுலர் எக்ஸ்பிரஷன் வைத்துத் திருத்துவது கேட்கவே அசிங்கமாக இருக்கும், ஆனால் 2019 அக்டோபரில் வந்த 0.19.1-க்குப் பிறகு அந்த வடிவம் நீண்ட காலம் அசையவே இல்லை என்பதால் பிழைத்துக்கொண்டது.

இன்னொன்று, மினிஃபை, அதாவது வெளிவரும் கோடைச் சுருக்குவது. எல்ம் கையேடு அக்லிஃபை என்ற சுருக்கும் கருவிக்கு ஒரு நீளமான கட்டளை தருகிறது: எஃப்2, எஃப்3, ஏ2, ஏ3 போன்ற ஃபங்ஷன்களைப் பக்கவிளைவு இல்லாதவை என்று சொல்லு, கெட்டர்களும் (பிராப்பர்ட்டியைப் படிக்கும்போது ஓடும் ஃபங்ஷன்கள்) அப்படியே என்று வைத்துக்கொள், 'அன்சேஃப்' கொடு, முதலில் கம்ப்ரஸ், பிறகு தனியாக மேங்கிள் (பெயர்களைச் சுருக்குவது). இதை அப்படியே எடுத்து டெர்சர் என்ற இன்னொரு சுருக்கும் கருவியின் அமைப்பில் போட்டு மொத்த பண்டிலுக்கும் பொருத்துபவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம். அந்த உத்தரவாதம் எல்ம் கோடுக்கு மட்டும்தான். என்பிஎம்மிலிருந்து (ஜேஎஸ் பேக்கேஜ் களஞ்சியம்) வரும் யாரோ எழுதிய நூலகத்தில் ஒரு கெட்டர் ரகசியமாக எதையாவது மாற்றிக்கொண்டிருந்தால், அந்த வரியை மினிஃபையர் கூசாமல் தூக்கிவிடும், அப்புறம் புரொடக்‌ஷனில் மட்டும் தெரியும் பிழையைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டியதுதான். நாங்கள் கடைசியில் எல்ம் கோப்பை மட்டும் தனியாக கம்பைல் செய்து, தனியாகச் சுருக்கி, அதன் பிறகே பண்ட்லரிடம் கொடுத்தோம்.

* * *

ரீஸ்கிரிப்டில் இந்தப் பிரச்சினை பாதி கிடையாது. கம்பைலர் ஒவ்வொரு மாட்யூலுக்கும் பக்கத்திலேயே ஒரு ஜேஎஸ் கோப்பு எழுதிவைக்கிறது, பண்ட்லருக்கு ரீஸ்கிரிப்ட் என்று ஒன்று இருப்பதே தெரிய வேண்டாம், லோடரும் தேவையில்லை. ரீஸ்கிரிப்டின் பழைய பெயரான பக்கிள்ஸ்கிரிப்ட் காலத்திலிருந்தே இப்படித்தான்.

நான் போய்ச் சேர்ந்த புராஜெக்டில் பண்டில் மட்டும் ஏனோ வீங்கிக்கிடந்தது. பார்த்தால் பழைய பிஎஸ்கான்ஃபிக் அமைப்புக் கோப்பில் மாட்யூல் வகை காமன்ஜேஎஸ் என்றே இருந்தது. எல்லாம் ரிக்வயராக வெளியே வந்தால் ட்ரீ ஷேக்கிங் (பயன்படாத கோடை வெட்டும் வேலை) எதைப் பார்த்து எதை வெட்டும்? இஎஸ் மாட்யூலுக்கு மாற்றியதும் இறங்கிவிட்டது. மற்றபடி ஒரு சின்ன எரிச்சல்: ஒரு டைப்பை மாற்றி சேவ் செய்தால் கம்பைலர் பல கோப்புகளை அடுத்தடுத்து எழுதும், முதல் கோப்பு வந்த உடனேயே டெவ் சர்வர் பாய்ந்துவிடும், ஒரு நொடி அரைகுறைத் திரை, பிறகு சரியாகிவிடும். சோர்ஸ் மேப் (வெளிவரும் ஜேஎஸ்ஸை மூலக் கோடோடு இணைக்கும் கோப்பு) இல்லையே என்று ஆரம்பத்தில் புலம்பினேன், வெளிவரும் ஜேஎஸ் படிக்கிற மாதிரியே இருப்பதால் இப்போது நினைப்பதுகூட இல்லை.

* * *

பியூர்ஸ்கிரிப்ட் ஆட்களுக்கு ஒரு வரி. 2022-இல் வந்த 0.15-இல் வெளியீடு இஎஸ் மாட்யூலுக்கு மாறியது, கம்பைலரோடு வந்த பண்டில் கட்டளையும் போய்விட்டது, அந்த வேலை இப்போது இஎஸ்பில்ட் என்ற பண்ட்லர் கையில். நீங்கள் கையால் எழுதிய எஃப்எஃப்ஐ கோப்புகளில் (பியூர்ஸ்கிரிப்ட் கோடு அழைக்கும் ஜேஎஸ்) பழைய எக்ஸ்போர்ட்ஸ் டாட் பாணி இருந்தால் அதையெல்லாம் மாற்றாமல் மேலே நகர முடியாது.

* * *

மேலே 'தனியாக கம்பைல் செய், பிறகு பண்ட்லரிடம் கொடு' என்று எழுதியவருக்கு: குளோஜர்ஸ்கிரிப்டில் அது அவ்வளவு சுலபம் இல்லை, ஏனென்றால் அங்கே கம்பைலருக்குப் பின்னால் கூகுள் குளோஷர் கம்பைலர் உட்கார்ந்திருக்கிறது, அதுவே ஒரு ஆப்டிமைசர். ஒரே சமையலறையில் இரண்டு தலைமைச் சமையல்காரர்கள் மாதிரி.

ஷேடோ-சிஎல்ஜேஎஸ் என்ற குளோஜர்ஸ்கிரிப்ட் பில்ட் கருவி இயல்பாகவே என்பிஎம் பேக்கேஜ்களையும் தானே கட்டிவிடும். ஒரு பேக்கேஜ் அதன் வழிக்கு வரவில்லை என்றபோது, ஜேஎஸ் புரொவைடரை எக்ஸ்டர்னல் என்று வைத்தோம். அப்போது அது என்னென்ன என்பிஎம் பேக்கேஜ் வேண்டும் என்று ஒரு இண்டெக்ஸ் கோப்பை மட்டும் எழுதித் தருகிறது, அதை வெப்பேக் கட்டுகிறது, பக்கத்தில் முதலில் நூலகக் கோப்பு, பிறகு நம் கோப்பு. வரிசை மாறினால் வெள்ளைத் திரை.

ஆனாலும் குளோஷரின் அட்வான்ஸ்ட் ஆப்டிமைசேஷன் பிராப்பர்ட்டி பெயர்களையே மாற்றும் என்பது ரிலீஸ் பில்டில்தான் உறைக்கும். வெளியிலிருந்து வந்த ஆப்ஜெக்டில் நீங்கள் ஒரு பெயரைப் படிக்கிறீர்கள், குளோஷர் அதை ஓரெழுத்தாகச் சுருக்கிவிட்டது, அந்தப் பக்கம் வெப்பேக் கட்டியதில் முழுப் பெயர் அப்படியே இருக்கிறது, கிடைப்பது அன்டிஃபைன்ட். அந்த இடங்களில் ஜேஎஸ் டைப் ஹின்ட் போட்டால் பெயரைத் தொடாது. எங்கே என்று தெரியவில்லையா, ரிலீஸ் பில்டை டீபக் ஃபிளாக்கோடு ஓட்டிப் பாருங்கள், சுருக்கிய பெயர்களுக்குப் பதில் அடையாளம் தெரிகிற பெயர்கள் வரும்.

* * *

டைப்ஸ்கிரிப்டும் ஜேஎஸ்ஸாக மாறும் மொழிதானே, அதைச் சேர்க்கலாமா? இஎஸ்பில்ட் டைப்களை உரித்துப் போடுமே தவிரச் சரிபார்க்காது. டெவ் சர்வர் பச்சையாக இருக்கிறது என்று நம்பி இருந்த டீமில் டைப்ஸ்கிரிப்ட் கம்பைலரான டிஎஸ்சியை முதல் தடவை தனியாக ஓட்டியபோது வந்த பட்டியலை ஸ்க்ரோல் செய்தே கை வலித்தது.

* * *

முதலில் எழுதியவன்தான். குளோஜர்ஸ்கிரிப்ட் நண்பர் சொன்னது நியாயம், எல்மிலும் ஒரு விலக்கு உண்டு. தனியாக கம்பைல் செய்தால் ஹாட் ரீலோட் (ஸ்டேட்டை இழக்காமல் மாற்றத்தைக் காட்டுவது) போய்விடும், ஃபார்ம் முழுக்க நிரப்பிவிட்டு ஒரு பேடிங்கை மாற்றினால் எல்லாம் காலி. அதனால் டெவ்வில் பிளகின், புரொடக்‌ஷனில் தனி கம்பைல் என்று பிரித்துக்கொண்டோம். மாடலின் வடிவம் மாறினால் பழைய ஸ்டேட் பொருந்தாது, பக்கத்தை ரீலோட் செய்யத்தான் வேண்டும், அது பரவாயில்லை. இந்தப் பிரிவினையில் ஒன்று இடிக்கும்: ஆப்டிமைஸ் ஃபிளாக் போட்டால் எல்ம் டீபக்.லாக் இருக்கும் கோடை கம்பைல் செய்யவே மறுக்கும், டெவ்வில் அது எதுவும் சொல்லாது. எனவே புரொடக்‌ஷன் கம்பைலை ஒவ்வொரு புல் ரிக்வெஸ்டிலும் ஓட விட்டிருக்கிறோம்.