மூட்டம் விலகாத மலைத்தோட்டத்துக்கு எந்த கன்ட்ரோலர்?

வைகைக்கரை:
சிறுமலையில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு மின்கம்பி வரவில்லை. 100 வாட் சோலார் பேனல் இரண்டு, 12 வோல்ட் பேட்டரி, பேனலிலிருந்து பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் சாதாரண பி.டபிள்யூ.எம். வகை கன்ட்ரோலர் ஆகியவற்றைக் கொண்டே சமாளித்து வருகிறோம். மதுரையில் வெயில் கொளுத்தும் நாளிலும் அங்கே மூட்டம் இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். போன ஐப்பசியில் ஒரு நாள் காலை பத்து மணிக்கு மீட்டரை மாட்டிப் பார்த்தபோது, நல்ல வெயிலில் 11 ஆம்பியர் காட்டும் அதே கம்பியில் 1.1 மட்டுமே ஓடியது. எம்.பி.பி.டி. என்ற வேறு வகை கன்ட்ரோலர் வாங்குவதா, பேனலைக் கூட்டுவதா?

மேலமாசி:
பேனலைக் கூட்டுங்கள் ஐயா. மேகம் மறைக்கும்போது பேனலின் வோல்டேஜ் சிறிதளவே இறங்கும். ஆம்பியர்தான் வெளிச்சம் குறையும் அளவுக்கு அப்படியே விழும். பேட்டரிக்குத் தேவையானதற்கு மேல் பேனலில் இருக்கும் வோல்டேஜை ஆம்பியராக மாற்றித் தருவதுதான் எம்.பி.பி.டி.யின் வேலை, இல்லாத வெளிச்சத்தை அது எங்கிருந்து கொண்டுவரும்? உங்கள் 1.1 ஆம்பியரையே எடுத்துக்கொள்வோம். பேனல் 17 வோல்ட் தந்தால் 18.7 வாட், கருவியின் இழப்பு போக, 12.5 வோல்டில் நிற்கும் பேட்டரிக்கு ஏறத்தாழ 1.3 ஆம்பியர் சேரும். இதே பேனல் இன்னும் இரண்டு வைத்தால் 2.2 சேருமே.

கொடைரோடு:
மூட்ட நாளுக்கு அந்தக் கணக்கு சரி. ஆனால் வெயில் வரும் நாளில் நான்கு பேனலும் சேர்ந்து 22 ஆம்பியர் தரும். அவரிடம் இருப்பது 20 ஆம்பியர் கன்ட்ரோலராக இருந்தால் அதையும் மாற்றியாக வேண்டும். மேலும், வீட்டுக் கூரைகளில் ஏற்றும் 72 செல் பெரிய பேனல்கள், வாட்டுக்கு வாட் பார்த்தால், 12 வோல்ட் சிறிய பேனல்களைவிட மலிவு. அவை ஏறத்தாழ 40 வோல்டில் இயங்குபவை, பி.டபிள்யூ.எம். அவற்றை பேட்டரியின் வோல்டேஜுக்கு இழுத்துவிடுவதால் மூன்றில் இரண்டு பங்கு வீணாகும். ஆகவே பேனலைக் கூட்டச் சொல்பவரே எம்.பி.பி.டி.க்கும் வழி சொல்ல வேண்டும். பேனல் வெட்டவெளியிலும் வீடு தள்ளியும் இருந்தால், பேனலிலிருந்து வரும் வோல்டேஜ் இரட்டிப்பாகும்போது கம்பியில் ஏற்படும் இழப்பு நான்கில் ஒன்றாகும் என்பதையும் மறக்க வேண்டாம்.

மேலமாசி:
பெரிய பேனல் பற்றி நண்பர் சொன்னதை ஏற்கிறேன். புதிதாக வாங்குவதானால் அதுவே முறை. கம்பி இழப்பை மட்டும் ஏற்க இயலாது. ஆம்பியர் பத்தில் ஒன்றாகும்போது கம்பியில் வீணாகும் வாட் நூறில் ஒன்றாகிவிடும். நாம் கவலைப்படும் மூட்ட நாளில் அது பொருட்டே அல்ல. அந்த இழப்பைக் குறைக்கச் செலவிடும் பணத்தையும் பேனலிலேயே போடலாம். இன்னொன்று: மூட்டத்தில் வெளிச்சம் வானம் முழுவதிலிருந்தும் வருவதால் பேனலைச் செங்குத்தாக நிமிர்த்தாதீர்கள். தெற்கு பார்த்து 10 முதல் 15 டிகிரி சாய்வு போதும். மழைநீரும் தங்காமல் வழியும்.

வைகைக்கரை:
எங்கள் பேனல் 30 டிகிரிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது; கன்ட்ரோலரும் 20 ஆம்பியர்தான். முதலில் சட்டத்தை இறக்கிவிட்டு, அடுத்த மூட்ட நாளில் மீண்டும் மீட்டரை மாட்டிப் பார்க்கிறேன். மழைக்காலத்துக்கு முன் பெரிய பேனல் ஒன்றும் அதற்கேற்ற எம்.பி.பி.டி.யும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

கொடைரோடு:
வாங்கும்போது கன்ட்ரோலர் தாங்கும் உச்ச வோல்டேஜைப் பாருங்கள். மலைக்குளிரில், அதுவும் விடியற்காலையில், பேனலின் திறந்த நிலை வோல்டேஜ் (எதனுடனும் இணைக்காதபோது காட்டும் வோல்டேஜ்) அட்டையில் அச்சிட்டதைவிட ஏறும்.