சர்க்கரை நோயாளியின் ஆறாத காலடிப் புண்: மருத்துவரிடம் எப்படிப் பேசுவது?

கேள்வி (செவிலியர், அம்பாசமுத்திரம் பக்கம்):
வாழைத்தோட்டத்தில் வேலை செய்யும், சர்க்கரை நோயுள்ள ஒருவர், வலது பெருவிரலின் அடியில் வந்த புண்ணுக்காக இரண்டு மாதமாக எங்களிடம் தினமும் கட்டுப் போட வருகிறார். ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவி, பெட்டடின் நனைத்த காஸ் துணியை வைத்துக் கட்டுவது இங்கே நெடுநாள் வழக்கம். மறுநாளுக்குள் காஸ் காய்ந்து ஒட்டிவிடுவதால், உரிக்கும்போது புதிதாக வளர்ந்த சிவந்த சதையும் பிய்ந்து வருகிறது. ஈரம் காக்கும் கட்டைப் பற்றிச் சொன்னால், "புண் காய்ந்தால்தான் ஆறும்" என்று மூத்த சிஸ்டர் மறுக்கிறார். மருத்துவரிடம் எப்படி எடுத்துச் சொல்வது?

பதில் 1 (ஓய்வுபெற்ற வார்டு சிஸ்டர், பாளையங்கோட்டை):
மூத்தவரைக் குறை சொல்லாதீர்கள். எங்கள் காலத்தில் நானே யூசால் என்ற குளோரின் கிருமிநாசினிக் கரைசலை ஊற்றியிருக்கிறேன். 1962-இல் ஜார்ஜ் விண்டர் பன்றிகளின் தோலில் செய்த சோதனையில், பாலித்தீன் தாளால் மூடிய புண்ணில் புதுத்தோல், காற்றுப்பட விட்ட புண்ணைவிட ஏறத்தாழ இரு மடங்கு வேகமாகப் படர்ந்தது. ஆனால் அவை நோயற்ற விலங்கின் மேலோட்டமான புண்கள் என்பதால், ரத்த ஓட்டம் குறைந்த காலுக்கு அந்த முடிவை அப்படியே பொருத்திவிட முடியாது. ரத்தம் போகாமல் கறுத்துக் காய்ந்த விரலை ஈரப்படுத்தினால் கேடுதான் வரும். பெராக்சைடு கிருமியோடு புதிய செல்களையும் தாக்கும் என்பதால், அதை நிறுத்திவிட்டு நார்மல் சலைனில் (கிருமி நீக்கிய உப்புநீர்) கழுவலாமா என்று முதலில் கேளுங்கள்.

வெறுங்கையோடு மட்டும் போகாதீர்கள். சுத்தமான கண்ணாடித் தாளைப் புண்மேல் வைத்து ஓரத்தை வரைந்து, நீளம், அகலம், தேதி எழுதி, வாரம் ஒருமுறை கேஸ் ஷீட்டில் சேருங்கள். நான்கு வாரத்தில் பரப்பு பாதியாவது குறையவில்லை என்றால் சிகிச்சையை மாற்றி யோசிக்க வேண்டும். யார் டியூட்டியில் இருந்தாலும் அதே தாளைப் பார்த்தே கட்ட வேண்டும். ஆளுக்கொரு மருந்து போட்டால் எது பலன் தந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

பதில் 2 (பிசியோதெரபிஸ்ட், தென்காசி):
கட்டைப் பற்றியே பேசுகிறீர்கள். அவர் எதைப் போட்டுக்கொண்டு நடக்கிறார்? 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழையான மோனோஃபிலமெண்டால் பாதத்தின் உணர்ச்சியைப் பார்த்தீர்களா? நடக்கும்போது புண்மேல் விழும் அழுத்தம் குறையாதவரை எந்த மருந்தும் அந்த இடத்தில் நிற்காது. எம்.சி.ஆர். செருப்பு (மெத்தென்ற ரப்பர் அடி கொண்டது) கொடுத்தாலும், எங்கள் பக்கம் தோட்டத்தில் இறங்கும்போது அதைக் கழற்றி வரப்பில் வைத்துவிடுவார்கள். பாதத்துடிப்பையும் தொட்டுப் பாருங்கள். சர்க்கரை நோயில் ரத்தக்குழாய் சுவர் கெட்டிப்பட்டிருந்தால், கணுக்காலில் எடுக்கும் ரத்த அழுத்தம் பொய்யாகக் கூடுதலாகக் காட்டும்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் நன்றி. செருப்பு விஷயம் அப்படியேதான்; அவர் மனைவியே சொன்னார். பாதத்தின் மேல்புறத் துடிப்பு எனக்குத் தட்டுப்படவில்லை, மருத்துவருக்கும் தட்டுப்படவில்லை. கால் ரத்த ஓட்டத்தை ஒலி அலையால் அறியும் டாப்ளர் பார்க்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்து, அதுவரை சலைனும் ஒட்டாத கட்டும் போதும் என்று எழுதிவிட்டார். கண்ணாடித் தாளில் முதல் கோட்டை வரைந்தவர் மூத்த சிஸ்டர்தான்: நீளம் 3.2 செ.மீ., அகலம் 2.5 செ.மீ.