பள்ளியிலிருந்து ‘செக்யூர்’ என்று மெசேஜ் வந்தால் என்ன அர்த்தம்? டிஸ்ட்ரிக்டிடம் நாம் என்னென்ன கேட்கலாம்?

மல்லிப்பூ:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் டாலஸுக்கு வடக்கே இருக்கிறோம். மகள் நான்காம் வகுப்பு, மகன் மிடில் ஸ்கூல். போன வியாழக்கிழமை மதியம் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டிலிருந்து, அதாவது எங்கள் பகுதிப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகத்திலிருந்து, ஒரு டெக்ஸ்ட் வந்தது. பள்ளி சிறிது நேரம் ‘செக்யூர்’ நிலையில் இருந்தது, இப்போது விலக்கிக்கொள்ளப்பட்டது, மாணவர்கள் அனைவரும் பத்திரமாக இருக்கிறார்கள், இவ்வளவுதான். எதற்காக, என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை இல்லை. ஆனால் அதற்கு ரொம்ப முன்னாலேயே எங்கள் வாட்ஸப் குரூப்பில் துப்பாக்கியோடு ஒருவன் பள்ளிக்குள் புகுந்துவிட்டான் என்று யாரோ போட்டு, அதை நாலு பேர் ஃபார்வர்டு செய்து, என் கணவர் மீட்டிங்கைப் பாதியில் விட்டுவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். சாயங்காலம் மகளிடம் கேட்டால், “ரிசெஸுக்கு வெளியே விடலம்மா, உள்ளேயே கணக்குப் போட்டோம்” என்கிறாள். பக்கத்துத் தெருவில் போலீஸ் யாரையோ தேடிக்கொண்டிருந்ததாம், அதற்காகத்தான் கதவைப் பூட்டினார்களாம். இதை முதலிலேயே ஒரு வரியில் சொல்லியிருக்கக் கூடாதா?

இன்னும் சில விஷயங்களும் கேட்க வேண்டும். என் மாமியார் ஊரிலிருந்து ஆறு மாத விசிட்டில் வந்திருக்கிறார். பல நாள் அவர்தான் நடந்து போய்ப் பேத்தியைக் கூட்டி வருகிறார். அவருக்கு இந்த மெசேஜ் எதுவும் வராது, வந்தாலும் ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அப்புறம் 2025-26 கல்வியாண்டிலிருந்து பள்ளி நேரத்தில் போனைத் தொடக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டதால் மகனிடமும் கேட்க வழியில்லை. நவம்பரில் பாண்ட் தேர்தல் வருகிறது, அதாவது டிஸ்ட்ரிக்ட் கடன் வாங்கலாமா என்று மக்களிடம் கேட்கிற ஓட்டெடுப்பு, அந்த நோட்டீஸில் ‘பாதுகாப்பு மேம்பாடு’ என்று பெரிய தொகை போட்டிருக்கிறார்கள். நாங்கள் ஹெச்1பி வேலை விசாவில் இருக்கிறோம், ஓட்டு கிடையாது, ஆனால் வீட்டு வரி கட்டுகிறோம். ஓட்டு இல்லாதவர்கள் இதைப் பற்றிக் கேள்வி கேட்கலாமா? கேட்டால் மதிப்பார்களா?

காவிரிக்கரை:

நான் டாலஸ் பக்கத்தில் சப்ஸ்டிடியூட் டீச்சராகப் போகிறவள், உள்ளே நடப்பதைப் பார்த்ததால் சொல்கிறேன். டெக்சஸில் பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகள் ஒரே ஐந்து வார்த்தைகளைத்தான் பயன்படுத்துகின்றன: ஹோல்ட், செக்யூர், லாக்டவுன், எவாக்குவேட், ஷெல்டர். வகுப்பறைச் சுவரில் போஸ்டராகவே ஒட்டியிருக்கும். ஹோல்ட் என்றால் காரிடாரில் யாரும் வரக்கூடாது, வகுப்பிலேயே இருங்கள், பெரும்பாலும் யாருக்காவது உடம்பு முடியாமல் போய் ஸ்ட்ரெச்சர் வருகிற மாதிரி சமயம். செக்யூர் என்றால் ஆபத்து கட்டடத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கிறது, எல்லாரையும் உள்ளே அழைத்து வெளிக்கதவுகளைப் பூட்டுவார்கள், உள்ளே பாடம் வழக்கம்போல நடக்கும். உங்கள் மகள் கணக்குப் போட்டது அதனால்தான். லாக்டவுன்தான் வேறு. அதில் வகுப்புக் கதவைப் பூட்டி, விளக்கை அணைத்து, பிள்ளைகள் ஜன்னல் வழியே கண்ணில் படாத மூலையில் சத்தம் போடாமல் உட்கார வேண்டும். எவாக்குவேட் என்றால் கட்டடத்தை விட்டு வெளியேறுவது, ஷெல்டர் என்றால் பாதுகாப்பான இடத்தில் ஒதுங்குவது. சூறாவளி எச்சரிக்கை வந்தால் ஷெல்டர்.

இந்த முறையை உருவாக்கிய ‘ஐ லவ் யூ கய்ஸ்’ என்ற அமைப்பைத் தொடங்கியவர்கள், 2006ல் கொலராடோவில் ஒரு பள்ளியில் கொல்லப்பட்ட மாணவியின் பெற்றோர். அந்தப் பெண் கடைசியாக அப்பா அம்மாவுக்கு அனுப்பிய மெசேஜ்தான் அமைப்பின் பெயர். அதனால் இதை ஏதோ ஆபீஸில் உட்கார்ந்து எழுதிய சம்பிரதாயம் என்று நினைக்காதீர்கள்.

இந்த ஐந்தையும் வீட்டில் எல்லாரும் தெரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். வாட்ஸப்பில் யாராவது எழுதினால் முதலில் கேட்க வேண்டியது, செக்யூரா லாக்டவுனா என்பதுதான். அடுத்து, டிஸ்ட்ரிக்ட் ஆப்பில் உங்கள் நம்பர் சரியாக இருக்கிறதா, டெக்ஸ்ட் ஆன் செய்திருக்கிறதா பாருங்கள். நிறையப் பேர் ரெஜிஸ்ட்ரேஷனில் பழைய நம்பரையே விட்டுவிடுகிறார்கள். செட்டிங்ஸில் மொழியை மாற்ற இடம் இருந்தால் அதில் தமிழ் இருக்கிறதா என்றும் தேடுங்கள், மொழிபெயர்ப்பு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் மாமியாருக்கு விஷயம் புரியும்.

எடிசன்வாசி:

நாங்கள் நியூஜெர்சி. இங்கே டிஸ்ட்ரிக்டுகள் சின்னச் சின்னதாக ஊருக்கு ஒன்றாக இருக்கும், உங்கள் ஊர் மாதிரிப் பெரிசு கிடையாது. ஆனால் சட்டம் தெளிவாக இருக்கிறது. மாதம் ஒரு தீயணைப்புப் பயிற்சியும் ஒரு பாதுகாப்புப் பயிற்சியும் கட்டாயம். பாதுகாப்புப் பயிற்சி நடந்தால் அன்று பள்ளி முடிவதற்குள் பெற்றோருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். பயிற்சியில் போலி ரத்தம், துப்பாக்கிச் சத்தம் மாதிரியெல்லாம் வைத்துப் பிள்ளைகளைப் பயமுறுத்தவும் கூடாது. 2018 பிப்ரவரி 14 அன்று ஃப்ளோரிடாவின் பார்க்லாண்ட் பள்ளியில் 17 பேர் கொல்லப்பட்டார்களே, அதில் இறந்த 14 வயது அலிசாவின் பெயரில் வந்த சட்டத்தை முதலில் நிறைவேற்றிய மாநிலமும் நியூஜெர்சிதான், 2019ல். அதன்படி ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்தினால் சத்தமில்லாமல் நேரே போலீசுக்குத் தகவல் போகும். உங்கள் டெக்சஸிலும் 2023ல் இது சட்டமாகிவிட்டது, 2025-26 கல்வியாண்டிலிருந்து ஒவ்வொரு வகுப்பறையிலும் இருக்க வேண்டும். உங்கள் பள்ளியில் வைத்துவிட்டார்களா என்று கேளுங்கள்.

போலீசுக்கு நொடியில் போகிற தகவல் பெற்றோருக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் வர வேண்டுமா என்ன? கதவைப் பூட்டும்போதே “செக்யூர், காரணம் பள்ளிக்கு வெளியே, பிள்ளைகள் வகுப்பில் இருக்கிறார்கள்” என்று ஒரு வரி அனுப்ப எவ்வளவு நேரமாகும்? தாமதம் ஆக ஆகத்தான் வதந்தி வளர்கிறது. இதில் டிஸ்ட்ரிக்டுகளுக்கு நான் சலுகையே கொடுக்க மாட்டேன்.

நெல்லை_ஹூஸ்டன்:

எடிசன்வாசி சொல்வதில் பாதியை ஒத்துக்கொள்கிறேன், பாதியை இல்லை. வேகம் வேண்டும்தான், ஆனால் அதைவிட முக்கியம் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும். 2022 மே 24 அன்று டெக்சஸின் யுவால்டி ஊர்ப் பள்ளியில் ஒருவன் சுட்டதில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியர்களும் இறந்தார்கள். அது பற்றி மத்திய நீதித்துறை 2024 ஜனவரியில் வெளியிட்ட அறிக்கையை நேரம் கிடைத்தால் படித்துப் பாருங்கள். உயிர் பிழைத்த பிள்ளைகளோடு இன்னொரு பஸ் வருகிறது என்று காத்திருந்த குடும்பங்களிடம் சொல்லியிருக்கிறார்கள், அப்படி ஒரு பஸ் வரவே இல்லை. அந்தப் பெற்றோர் நிலையை யோசித்தால் நெஞ்சு அடைக்கிறது. அதனால், “இது வரை தெரிந்தது இவ்வளவு, அடுத்த செய்தி இத்தனை மணிக்கு” என்று சொல்கிற டிஸ்ட்ரிக்டுதான் எனக்கு நல்ல டிஸ்ட்ரிக்ட். சொன்ன நேரத்துக்குப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், புதிதாக ஒன்றும் இல்லை என்றாவது அனுப்ப வேண்டும். நீங்கள் கேட்க வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று, அவசரத்தில் பள்ளிக்கு ஓடாதீர்கள். மல்லிப்பூவின் கணவரைக் குறை சொல்லவில்லை, நானாக இருந்தாலும் கால் நிற்காது. ஆனால் பள்ளியைச் சுற்றி நூறு கார் நின்றால் ஆம்புலன்ஸ் நுழைய வழி இருக்காது. பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைப்பதற்கு வேறு ஒரு இடம் வைத்திருப்பார்கள், எங்கே என்று அந்தச் சமயத்தில் மெசேஜில் வரும், அங்கே போட்டோ ஐடியோடு போக வேண்டும்.

சரி, பாண்ட் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் சொல்ல நிறைய இருக்கிறது. யுவால்டி பற்றி டெக்சஸ் சட்டசபைக் குழு 2022 ஜூலையில் கொடுத்த அறிக்கையில் என்னால் மறக்க முடியாத ஒரு விஷயம், 111ஆம் எண் வகுப்பறையின் கதவு. பூட்டு சரியாக விழாது என்று பள்ளியில் பலருக்குத் தெரியும். ஆனால் அதைச் சரிசெய்யச் சொல்லி ஒரு வொர்க் ஆர்டர்கூடப் போடப்படவில்லை. பள்ளியில் வைஃபை மோசம், அதனால் எச்சரிக்கை எல்லா ஆசிரியர்களுக்கும் போய்ச் சேரவில்லை. அது மெக்சிகோ எல்லை அருகில் உள்ள ஊர் என்பதால் போலீஸ் துரத்தல்கள் அடிக்கடி நடக்கும், ஒவ்வொன்றுக்கும் அலர்ட் வந்து வந்து, அன்றைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பலர் நினைத்துவிட்டார்கள். பூட்டு, வைஃபை, அலர்ட் பழகிப்போனது, மூன்றும் பெரிய பணம் கேட்கிற விஷயமே இல்லை.

அதனால் பாண்ட் நோட்டீஸில் கேமரா, இரட்டைக் கதவு வைத்த முன்வாசல், உடையாத கண்ணாடி ஃபிலிம் என்று படம் போட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் கூடவே கேளுங்கள்: பழுதான பூட்டு பற்றி ஆசிரியர் சொன்னால் எத்தனை நாளில் சரிசெய்கிறீர்கள்? வெளிக்கதவுகளை வாரம் ஒரு முறை சோதிக்க வேண்டும் என்று மாநில விதி இருக்கிறது, அதை யார் செய்கிறார்கள், எங்கே எழுதி வைக்கிறார்கள்? எந்தக் கதவு பலவீனம் என்ற விவரத்தை வெளியில் சொல்ல மாட்டார்கள், சொல்லவும் கூடாது. ஆனால் சோதனை நடக்கிறதா, பழுது தீர்கிறதா என்பதைச் சொல்வதில் அவர்களுக்குத் தடை இருப்பதாக நான் நினைக்கவில்லை.

பாண்ட் பணத்தில் கட்டடம், கருவி, பஸ் மாதிரி வாங்கலாம். காவலருக்கும் மாணவர்களுக்கு மனநல ஆலோசனை சொல்கிற கவுன்சிலருக்கும் சம்பளம் கொடுக்க முடியாது. இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2023 சட்டப்படி ஒவ்வொரு பள்ளிக்கும் ஆயுதம் தாங்கிய ஒரு பாதுகாவலர் இருக்க வேண்டும், அந்தச் சட்டத்தோடு மாநிலம் கொடுத்தது மாணவருக்கு 10 டாலர், பள்ளிக்கு 15,000 டாலர். அதில் ஒரு வருஷச் சம்பளம் கட்டுமா என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். மீதி டிஸ்ட்ரிக்டின் அன்றாடச் செலவுப் பணத்திலிருந்துதான் வர வேண்டும், அதாவது வகுப்பறைக்குப் போகிற பணம். பாண்ட் ஓட்டுச்சீட்டில் ‘இது சொத்து வரி உயர்வு’ என்று ஒரு வாசகம் இருக்கும். வரி விகிதம் ஏறாது என்று டிஸ்ட்ரிக்ட் சொன்னாலும் அந்த வாசகத்தை அச்சடித்தே ஆக வேண்டும் என்பது 2019 சட்டம், அதைப் பார்த்து மட்டும் யாரும் முடிவு எடுக்க வேண்டாம்.

ஓட்டு இல்லையே என்று தயங்காதீர்கள். டிஸ்ட்ரிக்டை நடத்தும் ஸ்கூல் போர்டின் மீட்டிங்கில் அஜெண்டாவில் உள்ள விஷயத்தைப் பற்றி யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம், குடியுரிமை கேட்பதில்லை. அதைவிடப் பலருக்குத் தெரியாத ஒன்று, ஒவ்வொரு டிஸ்ட்ரிக்டிலும் பள்ளிப் பாதுகாப்புக் குழு என்று ஒன்று சட்டப்படி இருக்க வேண்டும், அதில் பெற்றோரும் உறுப்பினர். அந்த இடத்துக்கு நம் ஆட்கள் விண்ணப்பிப்பதே இல்லை. ராபாடிக்ஸ் டீமுக்கும் ஸ்பெல்லிங் பீக்கும் எத்தனை மணி நேரம் ஓடுகிறோம்! இதற்கும் ஒருவர் வர வேண்டும்.

எடிசன்வாசி:

பஸ் விஷயம் எனக்குத் தெரியாது, படித்ததும் என்னவோ போல ஆகிவிட்டது. சரி, முதல் செய்தி சின்னதாக, தெரிந்ததை மட்டும் சொல்வதாக இருக்கட்டும், ஆனால் முதலில் வரட்டும். இதில் நமக்குள் சண்டை இல்லை.

மல்லிப்பூ:

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. ஐந்து வார்த்தைகளையும் தமிழில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டேன், மாமியாருக்கு வாசித்தும் காட்டினேன். பாதுகாப்புக் குழுவைப் பற்றி ஆபீஸில் விசாரிக்கிறேன், அடுத்த போர்டு மீட்டிங்குக்கும் பெயர் கொடுக்கப் போகிறேன், பூட்டு பற்றிய கேள்வியை அப்படியே கேட்பேன். ஒரே ஒரு சந்தேகம். அவசர நாளில் பேத்தியைக் கூட்டி வர மாமியார் போனால் விடுவார்களா? அவரிடம் இருப்பது இந்தியப் பாஸ்போர்ட் மட்டும்தான். முன் ஆபீஸில் எப்போதும் டிரைவர் லைசென்ஸை மெஷினில் வைக்கிறார்கள்.

காவிரிக்கரை:

பாஸ்போர்ட் பொதுவாகச் செல்லும், அரசாங்கம் கொடுத்த போட்டோ ஐடிதானே. ஸ்கேன் ஆகாவிட்டால் கையால் டைப் செய்வார்கள். ஆனால் முதலில் அவர் பெயர் பிக்கப் லிஸ்டில் இருக்க வேண்டும், லிஸ்டில் இல்லாதவரிடம் பிள்ளையைக் கொடுக்க மாட்டார்கள், சொந்தப் பாட்டியாக இருந்தாலும். நம் ஆட்களுக்கு வருகிற சிக்கலே பெயர்தான். வீட்டில் கூப்பிடுகிற பெயரை டிஸ்ட்ரிக்டின் ஆன்லைன் போர்ட்டலில் போட்டிருப்போம், பாஸ்போர்ட்டில் மாமனார் பெயரோடு சேர்ந்து வேறு மாதிரி இருக்கும், இல்லையென்றால் சர்நேம் கட்டமே காலியாக இருக்கும். பாஸ்போர்ட்டில் எந்த எழுத்தில், எந்த வரிசையில் இருக்கிறதோ அப்படியே போர்ட்டலில் போடுங்கள். அப்புறம் ஒரு நாள் சும்மா அவரைக் கூட்டிக்கொண்டு முன் ஆபீஸுக்குப் போய், பாஸ்போர்ட்டைக் காட்டி ஒரு தடவை பதிவு செய்துவிடுங்கள். காலையில் கூட்டமாக இருக்கும், பத்து மணிக்கு மேல் போனால் நிதானமாகப் பேசுவார்கள்.